டிரம்முக்குள் ஒரு பட்டன்

சட்டைப் பட்டன் ஒன்று. வெள்ளை, நாலு ஓட்டை, தெருக்கடையில் டஜன் கணக்கில் கிடைக்கிற ரகம். அதை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைக் கைப்பையில் வைத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அக்கா. ஆலை வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒன்றரை மணி நேரமும் நான்தான் பேசினேன். என்னோடு வண்டியில் வருகிறவர்களுக்கு ரேடியோவே வேண்டாம் என்று என் மனைவி சொல்வாள். பாராட்டாகச் சொல்வதில்லை.

முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை செய்கிற கம்பெனிகள் மாத்திரைக்குள் போகிற மருந்துப் பொடியை வெளியே இன்னொரு ஆலையில் வாங்குவார்கள். அந்த ஆலை சுத்தமாக இருக்கிறதா, சொன்ன மாதிரி செய்கிறார்களா, வேலை செய்கிறவர்களை மனிதராக நடத்துகிறார்களா, கழிவை எந்த ஆற்றில் கொட்டுகிறார்கள் என்று நேரில் பார்த்து எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. தணிக்கை என்றதும் எல்லோரும் கோப்புகளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அக்கா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தொழிலாளிகள் கைகழுவும் இடம் எங்கே என்று கேட்பார். சோப்பு காய்ந்து வெடித்திருந்தால் அந்தக் கோப்பில் இருப்பது கதை என்பது அவருடைய கட்சி. பதினெட்டு வருஷம் ஆய்வகத்தில் கண் எரிய உட்கார்ந்தவர். என் கூடப்பிறந்தவர் இல்லை, ஆனாலும் அக்கா. நான் இருபத்திரண்டு வருஷம் பை தூக்கிய மருந்துப் பிரதிநிதி. குள்ளம், தடிமன், கழுத்து கிடையாது. டாக்டர்கள் வைத்த பெயர் குப்பி. அது ஒட்டிக்கொண்டது.

இந்தத் தடவை விவகாரம் வலிப்பு மாத்திரை. வருஷக்கணக்காக வலிப்பு வராமல் இருந்த ஆறு பேருக்கு ஒரே மாதத்தில் திரும்ப வந்திருந்தது. ஆறு பேரும் ஒரே பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிறவர்கள். அதில் ஒருவர் பள்ளிப் பஸ் டிரைவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவலாம் என்று படியிலிருந்து இறங்கியவர் அப்படியே சாய்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. மாத்திரைக் கம்பெனி எங்களைக் கூப்பிட்டு, பொடி கொடுக்கிற ஆலையைப் பார்த்து எழுதித் தரச் சொன்னது.

கிளம்பும் முன்பு அந்தக் கம்பெனியின் ஆய்வக நடையில் ஒரு பெண் எங்களை மறித்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. டிரம்மில் மாதிரி எடுக்கிற ஆள் லீவு என்பதால் முந்தின நாள் காலையில் அவளே கரண்டியை எடுத்திருக்கிறாள். பழக்கமில்லாத கை, கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. ஒரு ஜாண் கீழே கரண்டியில் இந்தப் பட்டன் வந்தது. மேலே இருக்கிறவரிடம் காட்டினாளாம். தூக்கிப் போடு என்றாராம். அவள் போடவில்லை. அக்காவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, யாரும் பார்க்கும் முன் போய்விட்டாள்.

ஆலை பளபளவென்று இருந்தது. வரவேற்பறைச் சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். மேலாளரின் தலைமுடியில் ஒன்றுகூட இடம் மாறியிருக்கவில்லை. பேசுவதற்கு முன்பு ஒரு விநாடி சிரிப்பார், பேசி முடித்ததும் இன்னொரு தடவை சிரிப்பார். நடுவில் வருவதை நம்ப வேண்டியது நம் பொறுப்பு.

உடை மாற்றும் அறையில் வெள்ளை முழு அங்கிகள் வரிசையாகத் தொங்கின. கழுத்து வரை ஜிப். அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, உள்ளே போகிற யாராவது பட்டன் வைத்த உடுப்பு போட வாய்ப்பு உண்டா என்று கேட்டார்.

பட்டன், மோதிரம், கைக்கடிகாரம் எதுவுமே இந்தக் கதவைத் தாண்டாது என்றார் மேலாளர், இரண்டு சிரிப்புகளுக்கு நடுவில். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார். மூடிக்கொண்டேன்.

அங்கியை மாட்டும்போதுதான் நானும் கவனித்தேன். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு மடிப்பு, இடுப்பில் இன்னொன்று. கடையில் அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்த மடிப்பு அது. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு ஷிப்டுக்கு நாற்பத்திரண்டு பேராம். இன்றைக்குப் பராமரிப்பு நாளாம், அதனால்தான் யாரும் இல்லையாம். பராமரிக்கிறவர்களையும் காணோமே என்று கேட்கலாமா என்று யோசித்தேன். ஏற்கெனவே ஒரு கால் வலித்தது.

கடைசியாக அவர் பெருமையோடு கூட்டிப்போனது கழிவுநீர்த் தொட்டிக்கு. சுற்றுச்சூழலுக்கு விருது வாங்கிய தொட்டி. பக்கத்தில் பளிங்குப் பலகையே வைத்திருந்தார்கள். மருந்து செய்யும்போது கரைக்கப் பயன்படும் ரசாயனம் எல்லாம் இங்கேதான் வந்து விழும், அதன் பிறகு சுத்தம் செய்வோம் என்றார். என்னென்ன ரசாயனம் என்று அக்கா கேட்டார். மேலாளர் நாலு பெயர் சொன்னார். நாலில் எதைக் குடித்தாலும் குதிரையே விழுந்துவிடும்.

அக்கா தொட்டியோரம் முழங்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. எழுந்து, எல்லாம் ரொம்பத் திருப்தி என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

வண்டியில் ஏறியதும் கேட்டார்.

"தண்ணிக்குள்ள என்ன பார்த்தே குப்பி?"

"ஒண்ணுமில்லையே. கண்ணாடி மாதிரி இருந்துச்சு. நாலஞ்சு தலைப்பிரட்டை ஓடிட்டிருந்துது."

"வால் ஆட்டிக்கிட்டுத்தானே ஓடிச்சு?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அந்த நாலு ரசாயனத்தில் ஒன்று ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் தலைப்பிரட்டை செத்து மிதந்திருக்கும். அந்தத் தொட்டியில் மழைத்தண்ணீரைத் தவிர எதுவும் விழுந்ததில்லை. அப்படியென்றால் அந்த ஆலையில் மருந்தே செய்யவில்லை. இவ்வளவு பெரிய கட்டடம் எங்களைப் போன்றவர்கள் வந்து பார்ப்பதற்காக மட்டும் நின்றுகொண்டிருந்தது. அந்த விருதைத் தலைப்பிரட்டைகளுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்றேன். அக்கா சிரிக்கவில்லை. உறையைத் திறந்து பட்டனை என் கையில் வைத்தார்.

"நூலைப் பாரு."

ஓட்டைகளில் ஒரு துண்டு நூல் மிச்சமிருந்தது. சட்டை தைக்கிற பருத்தி நூல் இல்லை. தட்டையாக, வழவழவென்று, மீசை மாதிரி விறைப்பாக இருந்தது. சாக்கு மூட்டையின் வாயைத் தைக்கிற பிளாஸ்டிக் நூல். பட்டன் அறுந்த இடத்தில் வேறு நூல் கிடைக்காமல், கைக்கு எட்டியதை எடுத்து யாரோ தைத்திருக்கிறார்கள். ஆனால் மருந்து வருவது டிரம்மில், போவதும் டிரம்மில். ஆக, சாக்கு தைக்கிற இடம் எங்கேயோ தனியாக இருக்கிறது. அங்கே சட்டை போட்ட யாரோ டிரம்முக்கு மேல் குனிந்திருக்கிறார்கள்.

எங்கே என்பதுதான் கேள்வி. அதற்கு நான். டாக்டர் அறைக்கு வெளியே இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவனுக்கு ஒன்று தெரியும்: உள்ளே இருக்கிறவரிடம் கேட்டுத் தெரியாதது, கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் கேட்டால் தெரியும். ஆலைக் காவலாளிக்கு முழங்கால் வலி. எந்தத் தைலம் உதவும், எது வெறும் வாசனை என்று கால் மணி நேரம் சொன்னேன். பதிலுக்கு அவரும் சொன்னார். திங்களும் வியாழனும் ஒரு வேன் வருமாம். டிரம்கள் மூடி முத்திரை வைத்தே வருமாம். இங்கே லேபிள் மட்டும் ஒட்டுவார்களாம். வேன்காரன் பழைய ரயில் பாதைக்குப் பக்கத்து மாவு கோடவுனிலிருந்து வருகிறவன், புருவம் வரை வெள்ளையாக இருப்பான், தும்மித் தும்மியே கேட்டைத் திறக்கச் சொல்வான் என்றார். அவருக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. வேலைக்கு வந்த நாள் முதல் ஆலை இப்படித்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ரயில் பாதையோரம் மூன்று தகரக் கொட்டகைகள். வாசலில் 'சோள மாவு' என்று பெயிண்ட் உரிந்த பலகை. மேஸ்திரி சாப்பிடப் போயிருக்கிறான், இரண்டு மணிக்கு முன்னால் வரமாட்டான் என்று வாசலில் இருந்தவர்கள் சொன்னார்கள். அக்கா எந்தப் பொய்யும் சொல்லாமல் நேராக உள்ளே நடந்தார்.

உள்ளே மூச்சு விட முடியவில்லை. பொடி பறந்துவிடும் என்று ஜன்னல்களைச் சாக்கால் அடைத்திருந்தார்கள். மேலே தகரம் காய்ந்தது. பதினைந்து பெண்கள் இருக்கும். மூக்கில் துணி கட்டி, உடுத்தியிருந்ததற்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மாவு மூட்டைகள். இன்னொரு பக்கம் டிரம்கள். நடுவில் சாக்கு தைக்கிற சின்ன மிஷின். ஒரு பெண் கையைத் தூக்கியபோது விரல் இடுக்குகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. நாங்கள் மருந்து எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கிறவர்கள், உங்களைப் பிடித்துக் கொடுக்க வரவில்லை என்று அக்கா சொன்னார். யாரும் நிமிரவில்லை. சல்லடைகள் மட்டும் நின்றன.

அக்கா ஒவ்வொரு சட்டையாகப் பார்த்துக்கொண்டே போனார். மூலையில் ஒருத்தி. நாற்பது வயது இருக்கலாம். அவள் சட்டையில் கழுத்திலிருந்து கீழ் வரை ஒரு பட்டன்கூட இல்லை. பட்டன் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஊக்கு குத்தியிருந்தது. எண்ணினேன். ஏழு ஊக்கு. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் அக்காவைப் பார்த்தாள். பிறகு எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனாள். நாங்களும் போனோம்.

அக்கா உறையை எடுத்துக் காட்டினார். இது உங்களுடையதுதானே, தவறி விழுந்ததா என்று கேட்க ஆரம்பித்தார். அவள் முடிக்க விடவில்லை.

"இது எத்தனாவது?"

"எத்தனாவதுன்னா?"

"ஏழு போட்டேன்மா. உங்களுக்குக் கிடைச்சது எத்தனாவது?"

அக்கா உறைக்குள் இருந்த பட்டனைப் பார்த்தார், பிறகு அவள் சட்டையில் இருந்த ஏழு ஊக்கையும் பார்த்தார்.

அவள் நிதானமாகச் சொன்னாள். துறைமுகத்திலிருந்து நல்ல பொடி டிரம்மில் வரும். அதைத் திறந்து, மாவு கலந்து, ஒரு டிரம்மை இரண்டாக்குவார்கள். ஆனால் மேலே ஒரு ஜாண் உயரத்துக்கு மட்டும் கலக்காத பொடியைப் போடச் சொல்வான் மேஸ்திரி. வாங்குகிற கம்பெனிக்காரர்கள் மேலோடு ஒரு கரண்டி எடுத்துத்தான் சோதிப்பார்கள், எத்தனை வருஷமானாலும் அதற்குக் கீழே யாரும் போகமாட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பானாம். அவள் பட்டனை வைத்தது சரியாக அந்த ஜாணுக்குக் கீழே, நல்லது முடிந்து மாவு ஆரம்பிக்கிற இடத்தில். யார் கரண்டியில் பட்டன் வந்தாலும், இது எப்படி வந்தது என்று இன்னொரு கரண்டி எடுத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். முதல் பட்டனைப் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. அந்த ஏழு டிரம்மும் எங்களைக் கூப்பிட்ட கம்பெனிக்குத்தான் போயிருந்தன என்பது பிறகு தெரிந்தது.

ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"எழுதினா எழுத்தை வெச்சுக் கண்டுபிடிச்சிருவாங்க. பட்டன் யார் சட்டையிலிருந்தும் விழும்." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "சின்னதா இருக்கு, கண்ணுக்குத் தெரியலபோலன்னு நெனச்சேன். இதுவும் போகலன்னா அடுத்தாப்ல செருப்பைத்தான் போடணும்னு இருந்தேன்."

நாங்கள் மறுபடி கொட்டகைக்குள் போனோம்.

அக்கா டிரம்களைப் படம் எடுத்தார். ஒரு டிரம்மில் மேலேயும் கீழேயும் தனித்தனியாகப் பொடி எடுத்துக்கொண்டார். இரண்டு மணிக்கு முன் வெளியே வந்துவிட்டோம். வண்டியிலிருந்து அந்த ஆய்வகப் பெண்ணைக் கூப்பிட்டு, பட்டன் கிடைத்த டிரம்மில் அடிப்பொடியை எடுத்துச் சோதிக்கச் சொன்னார். அவள் ரகசியக் குரலில் பதில் சொன்னாள். நேற்று மத்தியானமே அந்த டிரம் மாத்திரை போடப் போய்விட்டதாம். இப்போது அட்டையில் அடைத்துக்கொண்டிருக்கிறார்களாம். யார் அனுப்பச் சொன்னது என்று அக்கா கேட்டார். தர அதிகாரி என்றாள். எங்களை வேலைக்குக் கூப்பிட்ட அதே ஆள்.

தர அதிகாரியின் அறை சின்னது. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் நாலு பேனா. அக்கா கொட்டகை, மாவு, ஜாண் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவர் ஆச்சரியப்படவே இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கண்ணாடிச் சீசாவை எடுத்து எங்கள் முன் வைத்தார். உள்ளே ஆறு பட்டன்கள்.

மாத்திரை போடும் முன் பொடியைச் சலிக்கும்போது சல்லடையில் சிக்கியவை. முதல் பட்டனைக் குப்பை என்று நினைத்தாராம். இரண்டாவது வந்ததும் அவரே கரண்டியை எடுத்து அடிவரை தோண்டிப் பார்த்திருக்கிறார். பாதி மாவு. உடனே அந்தச் சரக்கை நிறுத்திவிட்டு வேறு இரண்டு ஆலைகளில் வாங்கிப் பார்த்தார். வேறு பெயர், வேறு லேபிள். டிரம்மின் அடியில் அதே மாவு. இந்த மருந்தைச் செய்கிற கம்பெனிகள் மூன்று. மூன்றுக்கும் பொடி அந்தத் தகரக் கொட்டகையிலிருந்துதான் வருகிறது.

"நிறுத்தினா நாலு மாசத்துக்கு இந்த மாத்திரையே எங்கயும் இருக்காது. திடீர்னு மாத்திரை நின்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். பாதியாவது உள்ள போகட்டும்னு நெனச்சேன்."

"அந்தப் பஸ் டிரைவர் எந்தப் பாதியில வர்றார் சார்?" என்று கேட்டார் அக்கா.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். மேலிடம் கேட்டது குறையில்லாத ஒரு அறிக்கையாம். குறையில்லாமல் எழுதித் தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அக்கா அப்படி எழுதமாட்டார் என்று கேள்விப்பட்டுத்தான் அக்காவைக் கூப்பிட்டாராம். அப்படியானால் அந்தச் சீசாவைக் கொடுங்கள், அதிகாரிகளிடம் கொண்டுபோகிறேன் என்று அக்கா கையை நீட்டினார். அவருடைய கையும் சீசா வரை வந்தது. அங்கேயே கொஞ்சம் நின்றது.

"நான் போயிட்டா இந்த நாற்காலிக்கு வேற ஒருத்தன் வருவான். அவன் பட்டனை எடுத்துக்கூட வெக்க மாட்டான்."

சீசாவை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார்.

மறுநாள் காலை மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் எங்களோடு வந்தார். வந்ததே பெரிய விஷயம். முந்நூறு இடங்களுக்கு அவரும் ஒரு உதவியாளரும்தான். உதவியாளர் மகப்பேறு விடுப்பு. வண்டியில் வரும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும்.

கொட்டகைத் தரை ஈரமாக இருந்தது. நாங்கள் வந்துபோனது தெரிந்து கழுவிவிட்டிருந்தார்கள். ஜன்னல் சாக்குகள் இல்லை, காற்று நன்றாக வந்தது. டிரம் ஒன்றுகூட இல்லை. மாவு மூட்டைகள் சுவரோரம் அளவெடுத்த மாதிரி அடுக்கியிருந்தன. மேஸ்திரி புதுச் சட்டையில் நின்று வணக்கம் சொன்னான். ஆய்வாளர் ஒரு மூட்டையை அவிழ்த்து, விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். மாவு.

அக்கா கைப்பேசியில் படங்களைக் காட்டினார். ஆய்வாளர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். டிரம் இருக்கிறது, லேபிள் இல்லை. பெண்கள் இருக்கிறார்கள், சலிக்கிறார்கள்.

"மாவு கோடவுன்ல பொம்பளைங்க மாவு சலிக்கிறாங்க. இதை வெச்சு நான் என்னம்மா பண்றது?"

அக்கா இரண்டு பொட்டலங்களையும் எடுத்து நீட்டினார். மேலே எடுத்தது, கீழே எடுத்தது. அவர் வாங்கவில்லை. அவர் கையால் எடுத்து, அவர் முன்னால் முத்திரை வைத்தால்தான் செல்லும் என்றார். அவர் குரலில் திமிர் இல்லை. களைப்புதான் இருந்தது. கம்பெனிகளின் கிடங்கில் அடிவரை தோண்டிப் பார்க்கலாமே என்று அக்கா கேட்டார். மூன்று கம்பெனிக்கும் எழுதுகிறேன், மேலிடத்து அனுமதி வர ஆறு வாரமாவது ஆகும் என்றார்.

ஆலைக்கும் போனோம். அன்றைக்குப் பராமரிப்பு நாள் இல்லை போலிருக்கிறது. நாற்பத்திரண்டு பேர் வெள்ளை அங்கியில், கழுத்து வரை ஜிப் போட்டு, ஓடாத மிஷின்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். சிலருடைய அங்கியில் விலைச்சீட்டு ஒட்டிய தடம்கூடப் போகவில்லை. மேலாளர் சிரித்தார், பேசினார், சிரித்தார். கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் போனதும் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். நாற்றத்தில் தலை சுற்றியது. அந்த நாலு ரசாயனத்தையும் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள். தண்ணீர் பழுப்பாக இருந்தது. ஓரத்தில் தலைப்பிரட்டைகள் வயிறு மேலே தெரிய ஒதுங்கிக் கிடந்தன. தொட்டிக்கு அப்பால் ஒரு விரிசல் வழியாக அந்தத் தண்ணீர் மெதுவாக வெளியே வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆய்வாளர் குனிந்து பார்த்துவிட்டு, இங்கே மருந்து செய்கிறார்கள் என்பதற்கு அடையாளம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். முந்தின நாள் அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று அக்கா அவரிடம் சொல்ல முயன்றார். பாதியில் நிறுத்திவிட்டார். நேற்று நாங்கள் போகாமல் இருந்திருந்தால் அந்த வாய்க்காலாவது மிஞ்சியிருக்கும்.

ஆய்வாளரை அவர் அலுவலகத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது ரயில் பாதையோரப் பஸ் நிறுத்தத்தில் ஏழு ஊக்கு குத்திய அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பதினோரு, பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை, அவள் தோளில் சாய்ந்தபடி. அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லும் முன்பே நான் நிறுத்திவிட்டேன்.

காலையில் வேலைக்கு வந்தவர்களை மேஸ்திரி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டானாம், அங்கே வேறு கொட்டகை இருக்கிறதாம். இவளை மட்டும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். சட்டையில் குத்திய ஊக்கை அவனும் எண்ணிப் பார்த்திருப்பான். அக்கா மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அவள் அதற்காக நிற்கவில்லை. இடுப்பில் செருகியிருந்ததை எடுத்து நீட்டினாள். ஒரு மாத்திரை அட்டை. அதே வலிப்பு மாத்திரை.

"இவளுக்கு அஞ்சு வருஷமா இதுதான். மாவு கலக்குறது தெரிஞ்சதிலிருந்து ஒண்ணுக்கு ரெண்டா குடுத்தேன். சரியாத்தான் இருந்துது. போன வாரம் ரெண்டு குடுத்தேன், மறுநாள் மத்தியானம் வரைக்கும் எழுப்ப எழுப்ப எந்திரிக்கல. அது நல்ல பொடியில செஞ்சதுபோல. பயந்துபோய் அடுத்த அட்டையில ஒண்ணு குடுத்தேன். குளிக்கிற இடத்துல விழுந்துட்டா."

பிள்ளையின் புருவத்துக்கு மேல் தையல் போட்டிருந்தது. அது எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தது, தூக்கக் கலக்கத்தோடு.

"இது இன்னைக்குக் காலையில வாங்கின அட்டை. நீங்க இதெல்லாம் பாக்குறவங்க. ஒண்ணு குடுக்கட்டுமா, ரெண்டு குடுக்கட்டுமா?"

அக்கா அட்டையை வாங்கினார். தேதியைப் படித்தார், அதன் கீழே அச்சடித்த எண்ணைப் படித்தார், திருப்பி மறுபக்கம் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். ஒரு மாத்திரையை உடைத்துச் சோதித்தால் அந்த மாத்திரையைப் பற்றித் தெரியும். அதற்கு அடுத்தது எந்த டிரம்மிலிருந்து வந்தது என்று அந்த அட்டையில் எங்கேயும் எழுதியிருக்காது.

எனக்கு நரம்பு டாக்டர்கள் பதினேழு பேரைத் தெரியும். அதில் மிக நல்லவரைக் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில் அந்தக் கம்பெனி மாத்திரையை நிறுத்திவிட்டு மற்ற இரண்டில் ஒன்றை மாற்றிக் கொடுக்கச் சொன்னார். மற்ற இரண்டும் அதேதான் என்றேன். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம் என்றார். இன்றைக்குப் பார்த்தால் நேற்றுக் கொடுத்தது தெரியும், நாளைக்குக் கொடுக்கப்போவது தெரியுமா என்று கேட்டேன்.

"அப்ப நான் என்னத்தை எழுதிக் குடுக்குறது குப்பி?" என்றார்.

போனை வைத்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினாள். அக்கா அட்டையை இன்னும் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார். பிள்ளையை அணைத்துப் பிடித்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள். பஸ் போய்விட்டது.

"இன்னைக்கு ஒரு வேளைக்கு மட்டுமாவது சொல்லுங்கம்மா," என்றாள். "ஒண்ணா, ரெண்டா?"